வாசலில் வைக்கும் பழைய துணி மூட்டை யாரிடம் போகிறது?

நியூஜெர்சியில் பதினான்கு ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குத் திரும்பவிருக்கும் ஓர் அன்பர் கேட்டிருக்கும் கேள்வி இது. பழைய துணிகள், பாத்திரங்கள், குழந்தைகளின் சாமான்கள், இரண்டு சோபாக்கள், அம்மா வந்திருந்தபோது விட்டுச்சென்ற சில பட்டுப் புடவைகள் எல்லாவற்றையும், வாசலில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப்போகும் தொண்டு நிறுவனங்களிடம் கொடுக்கலாமா? அவை உண்மையிலேயே ஏழைகளிடம் போய்ச் சேருமா? வரியில் ஏதாவது கழிக்க முடியுமா? மூன்று கேள்விகளாக எழுதியிருந்தாலும், அவர் மனத்தில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: நல்லெண்ணத்தோடு கொடுப்பது வீணாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? நான் பென்சில்வேனியாவில் ஒரு தேவாலயம் நடத்தும் பழம்பொருள் கடையின் பின்னறையில், சனிக்கிழமைதோறும் மூட்டை பிரித்துத் தரம் பார்க்கும் வேலையைத் தன்னார்வலனாகப் பதினோரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த மேசையில் கண்டதை வைத்தே பதில் சொல்கிறேன். வரிக் கணக்கு என் தொழில் அன்று. அதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எது சட்டத்தில் உள்ளது, எதைக் கணக்கரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்த ஒன்று. வாசலில் வந்து எடுத்துப்போகும் வண்டிக்கு நீங்கள் கொடுக்கும் சட்டை, பெரும்பாலும் ஓர் ஏழையின் கைக்கு நேராகப் போவதில்லை. அது ஒரு கடைக்குப் போகிறது. அங்கே விற்று வரும் பணம்தான் தொண்டுக்குப் போகிறது. ஏமாற்று வேலை எதுவும் இதில் இல்லை, தொடக்கத்திலிருந்தே ஏற்பாடு இப்படித்தான். 1902 இல் பாஸ்டன் நகரில் குட்வில் அமைப்பைத் தொடங்கிய மெதடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ், வசதியானவர்கள் வாழும் பகுதிகளில் பழைய பொருள்களைச் சேகரித்து, வேலையில்லாத ஏழைக் குடியேறிகளைக் கொண்டு அவற்றைப் பழுதுபார்க்கச் செய்து, விற்ற பணத்திலிருந்து அவர்களுக்குக் கூலி கொடுத்தார். இலவசமாகத் துணி கொடுப்பதைவிட வேலை கொடுப்பது மேல் என்பது அவருடைய எண்ணம். கிறித்தவத் தொண்டு அமைப்பான சால்வேஷன் ஆர்மியின் கடைகளில் வரும் பணம், மது, போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புகிறவர்கள் தங்கியிருக்கும் மறுவாழ்வு இல்லங்களை நடத்தப் பயன்படுகிறது. அங்கே தங்கியிருப்பவர்களே கிடங்குகளிலும் கடைகளிலும் சிகிச்சையின் பகுதியாக வேலை செய்கிறார்கள். அதற்கு முறையான கூலி தரப்பட வேண்டாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. சில தொண்டு நிறுவனங்களுக்குச் சொந்தக் கடையே கிடையாது. தங்கள் பெயரில் வண்டி அனுப்பிச் சேகரிக்கும் பொருள்களை, இலாப நோக்கில் நடக்கும் கடைகளுக்கு எடைக்கணக்கில் மொத்தமாக விற்றுவிடுகின்றன. சேவர்ஸ், வேல்யூ வில்லேஜ் என்ற பெயர்களில் கடை நடத்தும் நிறுவனம் இப்படித் தொண்டு நிறுவனங்களிடம் வாங்கி விற்பதுதான். 2023 இல் அது நியூயார்க் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது. இப்படி விற்கும்போது தொண்டு நிறுவனத்துக்குக் கிடைப்பது கடையில் ஒட்டிய விலையில் சிறு பங்குதான். ஆனால் கடை வாடகை, ஆள் கூலி போன்ற சுமைகள் எதுவும் அதற்கு இல்லை. இது சரியா தவறா என்பதில் நியாயமான மனிதர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், சொந்தக் கடை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே முதலில் கொடுப்பேன். உங்கள் பகுதிக்கு அவர்கள் வண்டி வராவிட்டால் மற்றதும் தவறில்லை. முன்பதிவு செய்யும்போதே, பொருளை நீங்களே விற்கிறீர்களா, வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். நேர்மையான இடத்தில் தயங்காமல் பதில் சொல்வார்கள். பெயர் கேள்விப்படாத நிறுவனமாக இருந்தால், வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் இணையதளத்தில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளைத் தேடும் வசதி இருக்கிறது. அதில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் மூட்டையைக் கொடுக்க வேண்டாம்.

இது கடைச் சரக்கு என்பது மனத்தில் பதிந்துவிட்டால், எதைக் கொடுக்கலாம் என்ற கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். உங்கள் தங்கைக்குத் தயங்காமல் கொடுக்கக்கூடிய துணி என்றால் கொடுங்கள். தயக்கம் வந்தால் தனியே எடுத்துவையுங்கள். துவைத்து, நன்றாகக் காயவைத்து, மடித்து வைக்க வேண்டும். காயவைப்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கோடைக்காலச் சனிக்கிழமை எங்கள் மேசைக்கு ஒரு பெரிய கறுப்பு மூட்டை வந்தது. உள்ளே விலையுயர்ந்த குழந்தைத் துணிகள், பல இன்னும் கடைச் சீட்டுகூடக் கிழிக்கப்படாதவை. நடுவில் யாரோ அவசரத்தில் ஓர் ஈரத் துண்டைத் திணித்திருந்தார்கள். மூன்று நாள் கிடங்கில் கிடந்ததில் பூஞ்சை மூட்டை முழுவதும் ஏறி, வாய்ப்பகுதியைப் பிரித்தவுடன் நெடி முகத்தில் அறைந்தது. பத்து நிமிடத்தில் அத்தனையும் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. எங்களிடம் துவைக்கும் இயந்திரம் கிடையாது. பெரும்பாலான கடைகளிலும் கிடையாது. எடுத்ததை அப்படியே மாட்டி விலைச்சீட்டுப் போடுவதுதான் வழக்கம்.

கிழிந்ததும் சாயம் போனதுமான துணிகளை என்ன செய்வது என்பதில்தான் அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்த 2018 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அந்த ஓராண்டில் சேர்ந்த 1.7 கோடி டன் துணிக் கழிவில் 1.13 கோடி டன் மண்ணில் புதைக்கப்பட்டது. மறுசுழற்சிக்குப் போனது 14.7 சதவீதம்தான். மாசசூசெட்ஸ் மாநிலம் 2022 நவம்பர் 1 முதல் துணியைக் குப்பையில் போடுவதையே தடைசெய்திருக்கிறது. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் சேகரிப்புக்குக் கொடுங்கள் என்கிறது. காரணம், விற்காத துணிக்கும் ஒரு சந்தை இருக்கிறது. பருத்திச் சட்டைகளை வெட்டிக் கார்ப் பட்டறைகளுக்குத் துடைக்கும் துணியாக விற்கிறார்கள். திருப்பூரில் தைத்த பனியன் ஒன்று அமெரிக்கப் பட்டறையில் எண்ணெய் துடைத்து முடிவதும் உண்டு. கம்பளித் துணிகள், மீண்டும் அணிய முடியாதபடி வெட்டப்பட்டு, ஹரியானாவின் பானிபட் நகருக்குப் போகின்றன. அங்கே நூலாகப் பிரித்து மலிவான கம்பளிப் போர்வைகள் நெய்கிறார்கள், பேரிடர்க் காலங்களில் நிவாரணமாக வழங்கப்படும் போர்வைகளில் பலவும் அவைதான். ஆனால் எல்லாக் கடைகளும் கந்தல் வியாபாரியோடு தொடர்பு வைத்திருப்பதில்லை. தொடர்பில்லாத கடைக்குக் கிழிசலைக் கொடுத்தால், குப்பை அள்ளும் செலவு அந்தத் தொண்டு நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே கிழிந்தவற்றைத் தனி மூட்டையாகக் கட்டி, மேலே கந்தல் என்று பெரிதாக எழுதி, வாங்குவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக் கொடுப்பதே முறை.

இங்கே விற்காத நல்ல துணிகள் பொதியாகக் கட்டப்பட்டுக் கப்பலேறுகின்றன. கென்யாவில் இதற்கு மிதும்பா என்றே பெயர். கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள காந்தமாந்தோ சந்தையில் ஆயிரக்கணக்கானவர்கள் இதைப் பிரித்துத் தைத்துச் சாயம் ஏற்றி விற்றுப் பிழைக்கிறார்கள். அதே பொதிகளில் வரும் உதவாத துணி அந்நகரத்தின் ஓடைகளையும் கடற்கரையையும் அடைக்கிறது என்பதும் உண்மை. உள்நாட்டு ஆடைத் தொழிலைக் காக்க ருவாண்டா 2016 இல் பழைய துணிகளின் மீதான இறக்குமதி வரியை உயர்த்தியது. அதற்கு எதிர்வினையாக அமெரிக்கா 2018 இல் அந்நாட்டு ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச்சலுகையை நிறுத்திவைத்தது. இந்த ஏற்றுமதி நன்மையா தீமையா என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பொதியில் போகும் துணி தரமாக இருந்தால் அதை வாங்கும் வியாபாரிக்கு இலாபம், கந்தலாக இருந்தால் அவருக்கு நட்டம் என்பது மட்டும் தெளிவு. அந்தத் தரம் உங்கள் வீட்டு அலமாரியிலேயே முடிவாகிவிடுகிறது.

வீட்டுச் சாமான்களுக்கு வருகிறேன். சோபா, மேசை, அலமாரி போன்றவற்றுக்கு வசதி குறைந்தவர்களுக்கு வீடு கட்ட உதவும் ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் ரீஸ்டோர் கடைகள் நல்ல இடம். பல ஊர்களில் அவர்களே வந்து எடுத்துப்போகிறார்கள், துணி மட்டும் பெரும்பாலும் வாங்குவதில்லை. சோபாவில் கிழிசலோ வளர்ப்புப் பிராணியின் முடியோ இருந்தால் ஓட்டுநர் வாசலிலேயே மறுத்துவிடுவார், அவருக்கு அந்த உரிமை உண்டு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து மெத்தையைப் பல நிறுவனங்கள் வாங்குவதே இல்லை. குழந்தைச் சாமான்களில் கவனம் மிகமிகத் தேவை. பக்கத் தடுப்பு ஏறி இறங்கும் பழைய தொட்டில்களில் குழந்தைகள் சிக்கி இறந்ததால், 2011 ஜூன் 28 முதல் அவற்றை விற்கவே சட்டம் தடைசெய்துவிட்டது. அப்படிப்பட்ட தொட்டிலை யாருக்கும் கொடுக்காதீர்கள், கழற்றி உடைத்தே போடுங்கள். கார் சீட்டின் அடியிலோ பின்புறத்திலோ காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அந்தத் தேதி தாண்டாவிட்டாலும், விபத்துக்கு உள்ளானதா என்று கடைக்காரரால் கண்டுபிடிக்க முடியாது என்பதால் பெரும்பாலும் மறுப்பார்கள். டார்கெட் கடைகளில் அவ்வப்போது பழைய கார் சீட்டை வாங்கிக்கொண்டு புதியதற்குத் தள்ளுபடி தரும் நாட்கள் உண்டு.

மின்சாதனங்களில் நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்து டிரான்ஸ்ஃபார்மர் மாட்டி ஓட்டிய 230 வோல்ட் மிக்ஸியை, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே 120 வோல்ட்டில் அது முனகும், அரைக்காது. பழுது என்று நினைத்துக் கடையில் தூக்கி எறிவார்கள். அதை நீங்களே கோயம்புத்தூருக்கு எடுத்துச் செல்லுங்கள். இங்கே வாங்கிய 120 வோல்ட் மிக்ஸி, ரைஸ் குக்கர் போன்றவைதான் விட்டுச் செல்ல வேண்டியவை. வெட் கிரைண்டரை வண்டிக்காரருக்கு எடுத்து வைக்கவே வேண்டாம். ஒற்றை ஆளாக வருகிறவரால் கல்லோடு அதைத் தூக்க முடியாது. தூக்கிக் கடைக்குக் கொண்டுபோனாலும் அது என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. புதிதாக வந்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றைத் தேடிக் கொடுங்கள். பிரஷர் குக்கரைக் கொடுக்கும்போது, வெயிட்டையும் கேஸ்கெட்டையும் ஒரு சிறு பையில் போட்டு மூடியின் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். வெயிட் இல்லாத குக்கர்கள் எத்தனையோ எங்கள் கடையில் வெறும் பாத்திரமாக இரண்டு டாலருக்குப் போயிருக்கின்றன. உங்கள் ஊருக்கு அருகில் அகதிகளைக் குடியமர்த்தும் அமைப்பு இருந்தால், குக்கரையும் எவர்சில்வர் பாத்திரங்களையும் அங்கே கேட்டுப்பாருங்கள். 2008 முதல் பூட்டானிய நேபாளி அகதிக் குடும்பங்கள் பென்சில்வேனியா, ஒஹையோ போன்ற மாநிலங்களில் குடியேறியிருக்கிறார்கள். நம்மைப் போலவே குக்கரில் பருப்பு வேகவைக்கிறவர்கள். பொருள் நேராக ஒருவர் கைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், அதற்கு வாசல் வண்டியைவிட இந்த வழிதான் பொருத்தம். குளிர்கோட்டுகளும் அப்படியே: இலையுதிர்காலத்தில் பள்ளிகளும் தேவாலயங்களும் கோட்டுச் சேகரிப்பு நடத்தி நேரடியாகக் கொடுக்கின்றன. நீங்கள் மே மாதத்தில் கிளம்புவதால், கோட்டுகளை ஒரு நண்பர் வீட்டில் ஒப்படைத்து அக்டோபரில் கொடுக்கச் சொல்லலாம்.

எடுத்துப்போகும் நாளைப் பற்றிச் சில சொற்கள். கோடைத் தொடக்கத்தில் எல்லோரும் வீடு மாறுவதால் முன்பதிவு எளிதில் கிடைக்காது. மே கடைசியில் விமானம் என்றால் ஏப்ரலிலேயே பதிவு செய்யுங்கள், விமானத்துக்கு முந்தைய வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மழையாலோ வண்டிப் பழுதாலோ அவர்கள் வராமல் போனால் மாற்று நாள் வேண்டும். குப்பை வண்டி வரும் கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வைத்த எட்டுப் பெட்டிகளையும், தொண்டு நிறுவன வண்டி வருவதற்குள், குப்பை வண்டி நசுக்கி எடுத்துப்போனதை நான் பார்த்தேன். பெட்டிகளில் எல்லாப் பக்கமும் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதி, வீட்டு வாயிலுக்கு அருகே வையுங்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒருவர் தனியே தூக்கும் எடையில் இருக்கட்டும். கண்ணாடிப் பொருளைத் துண்டுகளுக்கு நடுவே சுற்றி வைத்தால் உடையாது, துண்டும் போய்ச் சேரும்.

மூட்டை கட்டும் முன் எல்லாப் பைகளிலும் கைவிட்டுப் பாருங்கள். ஒருமுறை ஓர் ஆண்கள் கோட்டின் உள்பையில் ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நான்காக மடித்து இருந்தது. மூட்டையில் பெயர் இல்லை, சான்றிதழில் முகவரி இல்லை. ஓராண்டு எங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தோம், யாரும் வரவில்லை. நாடு விட்டு நாடு போகும் வீட்டில் இத்தகைய காகிதம் ஒன்று தொலைவது எவ்வளவு பெரிய இடர் என்பது உங்களுக்கே தெரியும்.

வரி. சட்டத்தில் தெளிவாக இருப்பவற்றை முதலில் சொல்கிறேன். பொருள் தானத்தைக் கழிக்க வேண்டுமானால், நிலையான கழிவை, அதாவது கணக்குக் காட்டாமலே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கும் தொகையை, விட்டுவிட்டுச் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுகிறவராக இருக்க வேண்டும். 2025 ஆம் ஆண்டுக்குத் தம்பதியரின் நிலையான கழிவு 31,500 டாலர். வீட்டுக் கடன் வட்டியும் சொத்துவரியும் மிகுந்தவர்களுக்கே பட்டியலிடுவது இலாபம். 2026 முதல் பட்டியலிடாதவர்களும் தம்பதியராக 2,000 டாலர் வரை கழிக்கலாம் என்று வந்திருக்கும் சலுகை பணமாகக் கொடுப்பதற்கு மட்டும்தான், துணிக்கும் பாத்திரத்துக்கும் பொருந்தாது. அதே ஆண்டு முதல், பட்டியலிடுகிறவர்களுக்கும் வருமானத்தில் 0.5 சதவீதத்தைத் தாண்டிய தானமே கழிவுக்கு எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு இலட்சம் டாலர் வருமானம் என்றால் முதல் ஆயிரம் டாலருக்குக் கழிவு இல்லை. மதிப்பு என்பது நீங்கள் வாங்கிய விலை அன்று, பழம்பொருள் கடையில் இன்று அது போகும் விலை. துணி நல்ல நிலையில் இருந்தாக வேண்டும் என்பது 2006 முதல் சட்டம். ஓட்டுநர் வாசலில் விட்டுப்போகும் ரசீதில் தொகை எழுதியிருக்காது. பட்டியலும் மதிப்பும் நீங்கள்தான் எழுத வேண்டும், பெட்டியை மூடும் முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தானத்தின் மதிப்பு 250 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் நிறுவனத்தின் எழுத்துச் சான்று கட்டாயம். ஆண்டு முழுவதும் கொடுத்த பொருள்களின் மதிப்பு 500 டாலரைத் தாண்டினால், பொருள் தானத்துக்கான படிவம் 8283 ஐ வரிக் கணக்கோடு இணைக்க வேண்டும்.

கணக்கரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் வேலை விசாவில் இருந்து ஆண்டின் நடுவில் நிரந்தரமாகத் திரும்புகிறவர், அந்த ஆண்டில் பாதி உள்நாட்டவர், பாதி வெளிநாட்டவர் என்ற இரட்டை நிலைக்கு வரக்கூடும். அந்த நிலையில் நிலையான கழிவே கிடையாது, பட்டியலிட்டுத்தான் ஆக வேண்டும். அப்படியானால், மற்ற ஆண்டுகளில் பயனற்றுக் கிடக்கும் துணி ரசீது இந்த ஆண்டு உங்களுக்குப் பயன்படலாம். உங்கள் விசா நிலையைக் கேள்வியில் எழுதாததால் இதற்கு மேல் சொல்வது முறையாகாது. ரசீதை மட்டும் பத்திரமாகக் கைப்பையில் வையுங்கள், கப்பல் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, அம்மாவின் பட்டுப் புடவைகள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மேசைக்கு அரக்குக் கரை போட்ட ஒரு பச்சைக் காஞ்சிபுரம் வந்தது. என்னோடு வேலை செய்யும் அம்மையார், பல ஆண்டு அனுபவம் உள்ளவர், அதைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு மரியாதையாகவே மடித்து, திரைச்சீலைகளின் வரிசையில் எட்டு டாலர் சீட்டோடு தொங்கவிட்டார். நான் அன்று வேறு அறையில் இருந்தேன். வந்து பார்ப்பதற்குள் யாரோ சன்னலுக்கு வாங்கிப் போய்விட்டார்கள். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, புடவை என்றால் என்னவென்று சொல்ல அந்த மூட்டையில் எதுவும் இல்லை. ஆகவே புடவைகளை வண்டிக்கு அனுப்பாமல், அருகில் உள்ள பரதநாட்டியப் பள்ளிக்கோ, தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாக் குழுவுக்கோ கொடுங்கள். மேடைக்குப் புடவை கேட்டு அவர்கள் ஆண்டுதோறும் அலைகிறார்கள். வேறு வழியில்லாமல் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்றால், இது தென்னிந்தியப் பெண்கள் உடுத்தும் பட்டுப் புடவை, நீளம் ஆறு கெஜம், வெட்டாமல் விற்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, மடிப்பின் மேல் துணி கிழியாதபடி ஊக்கால் குத்திவையுங்கள்.